பீரி ரெய்ஸ் வரைபடத்தை முதலில் வாசியுங்கள்: மர்மக் காணொளி தயாரிப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

பீரி ரெய்ஸ் வரைபடத்தைத் திரையில் காட்டி, பனியில்லாத அண்டார்டிகாகூட இதில் இருக்கிறது, 1513-ல் ஒருவருக்கு இவ்வளவு விவரமும் எங்கிருந்து கிடைத்தது என்று கேட்கிறீர்கள். இன்றுவரை யாருக்கும் தெரியாது என்று அடுத்த மூச்சில் நீங்களே பதிலும் சொல்லிவிடுகிறீர்கள். பின்னணி இசை உயர்கிறது. பிறகு வேற்றுக்கிரகவாசிகள் வருகிறார்கள், இல்லாவிட்டால் பனியுகத்துக்கு முன்பே அழிந்துபோன ஒரு மகா நாகரிகம் வருகிறது.

எங்கிருந்து கிடைத்தது என்பது தெரிந்த விஷயம். வரைந்தவரான பீரி ரெய்ஸ் என்ற உதுமானியத் துருக்கி மாலுமியே எழுதி வைத்திருக்கிறார். வரைபடம் இருக்கும் அதே தோலில், தென் அமெரிக்கா வரையப்பட்ட பகுதியில், பத்தி பத்தியாக. நீங்கள் காட்டும் படத்திலும் அந்த எழுத்துகள் இருக்கின்றன. கீழ் விளிம்பைப் பெரிதாக்கிச் சிவப்பு வட்டம் போடும்போது அவை திரைக்கு வெளியே போய்விடுகின்றன, அவ்வளவுதான்.

இதையெல்லாம் முதலில் தனியாகத்தான் எழுதி அனுப்பினேன். உங்களில் ஒருவர் மரியாதையாகவே பதில் எழுதினார். இது வெறும் பொழுதுபோக்கு, யாரும் பாடமாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள் என்றார். அதன்பின் ஒரு பள்ளி அறிவியல் கண்காட்சிக்குப் போக நேர்ந்தது. தெர்மாகோலில் அண்டார்டிகா, அதன் மேல் வெள்ளிக் காகிதம் ஒட்டிய பறக்கும் தட்டு, பின்னால் சார்ட் அட்டையில் பீரி ரெய்ஸ் வரைபடத்தின் கலர் பிரிண்ட். விளக்கம் சொன்ன பெண் குழந்தை உங்கள் காணொளியை வரி மாறாமல் ஒப்பித்தது. நீங்கள் எங்கே நிறுத்தி மூச்சு விடுவீர்களோ அங்கே அதுவும் நிறுத்தியது. வரைந்தது யார் பாப்பா என்று கேட்டேன். அது யாருக்கும் தெரியாது சார் என்றாள். படத்தின் பெயரிலேயே வரைந்தவரின் பெயர் இருக்கிறது! பக்கத்தில் நின்ற ஆசிரியர், எல்லாம் நெட்டில் இருக்கிறது சார் என்றார். அந்தப் படைப்புக்கு அன்று பரிசும் கொடுத்தார்கள்.

குழந்தை மேல் எனக்கு வருத்தமில்லை, அழகாகப் பேசினாள். ஆனால் பாடமாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள் என்ற உங்கள் சமாதானம் அங்கேயே முடிந்துவிட்டது. இப்போது இரண்டாம் பாகம் வரப்போகிறது என்று முன்னோட்டம் விட்டிருக்கிறீர்கள். அதனால்தான் இந்தக் கடிதம் எல்லோரும் படிக்கும்படி வெளியே வருகிறது.

இதைச் சொல்ல நான் யார் என்று கேட்பீர்கள். சரக்குக் கப்பல்களில் செகண்ட் ஆபீசராக இருந்தவன். கப்பலின் வரைபடங்களைப் பராமரிப்பது செகண்ட் ஆபீசரின் வேலை. வாரா வாரம் வரும் திருத்த அறிவிப்புகளைப் பார்த்து, ஊதா மையில் ஒவ்வொரு சார்ட்டாகத் திருத்தி, இடது கீழ் மூலையில் அந்தத் திருத்தத்தின் எண்ணைக் குறிக்க வேண்டும். புதிய துறைமுகத்துக்கு சார்ட் எடுத்தால் முதலில் தேடுவது மூல விவரக் கட்டத்தை. இந்தக் கடற்பகுதியை யார், எந்த ஆண்டில், எந்த முறையில் அளந்தார்கள் என்பதைச் சொல்லும் சின்னக் கட்டம் அது. 19-ஆம் நூற்றாண்டில் ஈயக்குண்டு கட்டிய கயிற்றை இறக்கி அளந்த ஆழம் என்றால், அந்த எண்ணை நம்பிக் கப்பலின் அடி தரையில் உரசும் அளவுக்குப் போகமாட்டோம். நேற்று சோனாரில் அளந்தது என்றால் கொஞ்சம் தைரியமாகப் போவோம். மூலம் தெரியாத கோட்டை நம்பிக் கப்பல் ஓட்டுகிறவன் வேலையில் நீடிக்கமாட்டான்.

பீரி ரெய்ஸ் செய்தது அதேதான். தன் வரைபடத்துக்கு மூல விவரக் கட்டம் எழுதிய மாலுமி அவர். அந்த ஒரு பத்தியைத்தான் உங்கள் காணொளி வெட்டி எறிந்தது.

அந்தப் பத்தியில் இருப்பது இதுதான். சுமார் இருபது வரைபடங்களையும் உலகப் படங்களையும் வைத்துக்கொண்டு, அவற்றை ஒரே அளவுக்குக் கொண்டுவந்து இதைத் தொகுத்தேன் என்கிறார். இரட்டைக் கொம்புடைய சிக்கந்தரின், அதாவது அலெக்சாந்தரின் காலத்தவை என்று அவர் கருதிய படங்கள், ஜஃபரியா என்று அவர் குறிப்பிடும் வகையில் எட்டு, ஹிந்த் நாட்டை, அதாவது இந்தியாவைக் காட்டும் அரபு வரைபடம் ஒன்று, ஹிந்த், சிந்து, சீன நாடுகளைக் காட்டும் அண்மைக்காலப் போர்த்துகீசிய வரைபடங்கள் நான்கு, மேற்குப் பகுதிக்குக் கொலம்பஸ் வரைந்த வரைபடம் ஒன்று. இன்னொரு குறிப்பில், தன் தந்தையின் சகோதரரான கெமால் ரெய்ஸிடம் ஸ்பெயின் நாட்டுக் கைதி ஒருவன் இருந்ததையும், கொலம்பஸோடு மூன்று முறை அந்தத் தேசங்களுக்குப் போனதாக அவன் சொன்னதையும் எழுதுகிறார். பிரேசில் கரைக்கு அருகில், ஹிந்த் நோக்கிப் புறப்பட்ட போர்த்துகீசியக் கப்பல் எதிர்க்காற்றில் சிக்கி அந்தக் கரைக்கு வந்த கதை இருக்கிறது. 1500-ல் போர்த்துகீசிய மாலுமி கப்ரால் போய்ச் சேர்ந்த நிகழ்ச்சிதான் அது.

கையெழுத்தும் உண்டு. கெமால் ரெய்ஸின் சகோதரர் மகனும் ஹாஜி மெஹ்மதின் மகனுமான பீரி, கெலிபோலு நகரில், ஹிஜ்ரி 919 முஹர்ரம் மாதம் வரைந்தது. நம் கணக்கில் 1513 மார்ச், ஏப்ரல். மற்றக் குறிப்புகள் அரபு எழுத்தில் அமைந்த துருக்கி மொழியில் இருக்க, இந்தக் கையொப்பம் மட்டும் அரபு மொழியில். பெயர், தந்தை பெயர், ஊர், மாதம், வருடம் என எல்லாம் இருக்கும் ஓர் ஆவணத்தை அநாமதேயம் என்று சொல்ல என்ன துணிச்சல் வேண்டும்!

இன்று நம்மிடம் இருப்பதும் முழுப் படம் அல்ல. தோலில் வரைந்த ஓர் உலக வரைபடத்தின் மேற்குத் துண்டு மட்டுமே மிஞ்சியிருக்கிறது, சுமார் 90 சென்டிமீட்டர் நீளத்தில். 1929-ல் இஸ்தான்புல் டாப்காபி அரண்மனையை அருங்காட்சியகமாக ஒழுங்குசெய்த காலத்தில், நூலகத்தில் பழைய சுவடிகளைப் பார்த்துக்கொண்டிருந்த ஜெர்மானிய அறிஞர் குஸ்தாவ் டைஸ்மன் வழியாக வெளிச்சத்துக்கு வந்தது. பால் காலே என்ற கீழைத்தேய அறிஞர் அது என்னவென்று அடையாளம் கண்டார். அன்று உலகம் அதைக் கொண்டாடியது கொலம்பஸுக்காக. கரீபியக் கடலைக் கொலம்பஸ் வரைந்த வரைபடம் எதுவும் முழுதாக இன்று கிடையாது. அவர் கையால் போட்டது என்று சொல்லப்படும் சின்னக் கோட்டுச்சித்திரம் ஒன்றுதான் உண்டு. தொலைந்துபோன அந்த வரைபடத்தின் சாயல் ஓர் உதுமானிய மாலுமியின் படத்துக்குள் ஒளிந்திருக்கிறது என்பதுதான் அப்போதைய தலைப்புச் செய்தி. உங்கள் காணொளியில் கொலம்பஸ் பெயர்கூட வருவதில்லை.

அண்டார்டிகாவுக்கு வருகிறேன். தென் அமெரிக்கக் கரை கீழே போகப்போகக் கிழக்காக வளைந்து தோலின் அடி விளிம்பை ஒட்டி ஓடுகிறதல்லவா, அதைத்தான் பனியில்லாத அண்டார்டிகா, குயின் மாட் லேண்ட் கரை என்கிறீர்கள். அந்தக் கரையின் அருகே பீரி எழுதியிருப்பதைப் பாருங்கள். இந்த நாடு பாழாய்க் கிடக்கிறது, பெரிய பாம்புகள் இருப்பதாகச் சொல்கிறார்கள், அதனால் போர்த்துகீசியர் இங்கே இறங்கவில்லை, இந்தக் கரைகள் மிகவும் வெப்பமானவை என்றும் சொல்கிறார்கள். அண்டார்டிகாவில் பாம்பும் வெக்கையும்! இந்தக் குறிப்பை வாசித்துக் காட்டிய பிறகும் உங்கள் பார்வையாளர்கள் உங்களை நம்பினால் நான் வாயை மூடிக்கொள்கிறேன். ஆனால் வாசித்துக் காட்ட வேண்டும்.

கடல் கணக்கிலும் அது நிற்காது. அந்தக் கோடு அண்டார்டிகா என்றால், தென் அமெரிக்காவின் தெற்கு முனை முழுவதும் காணாமல்போக வேண்டும். இரண்டு கண்டங்களுக்கும் நடுவே டிரேக் நீரிணை இருக்கிறது. மிகக் குறுகலான இடத்திலேயே சுமார் 800 கிலோமீட்டர் அகலம், உலகின் மிக முரட்டுத்தனமான கடல்களில் ஒன்று. பீரியின் படத்தில் ஒரு விரல் அகலத்துக்குக்கூட இடைவெளி கிடையாது. பிரேசிலிலிருந்து கோடு அறுபடாமல் தொடர்கிறது. ஒரு சமுத்திரத்தையே விட்டுவிட்ட வரைபடத்தைச் செயற்கைக்கோள் படத்துக்கு நிகரானது என்று எந்த மனசோடு சொல்கிறீர்கள்?

கரை ஏன் வளைகிறது என்பதற்கு ஆய்வாளர்கள் இரண்டு மூன்று காரணம் சொல்கிறார்கள். தோல் முடிந்துவிட்டது, மீதிக் கரையை இருக்கிற இடத்துக்குள் மடக்கி வரைந்தார் என்பது ஒன்று. தெற்கே ஒரு பெருநிலம் இருந்தாக வேண்டும் என்று பழைய புவியியலாளர்கள் நம்பிய கற்பனைக் கரை என்பது இன்னொன்று. மகெல்லன் அந்தப் பக்கம் போய் நீரிணையைக் கண்டது 1520-ல். அதற்கு ஏழு வருடம் முன்பு வரைந்தவருக்குத் தெற்கு முனை எப்படித் தெரியும்? என் சொந்த அபிப்பிராயம் தோல் முடிந்துவிட்டது என்பதுதான். சார்ட் மேசையில் இடம் போதாமல் ஒரு மூலையைத் தனிக் கட்டத்தில் போட்ட வரைபடங்களோடு காலம் தள்ளியவனுக்கு அதில் ஆச்சரியம் எதுவும் தோன்றவில்லை.

அண்டார்டிகாவைப் பனி மூடத் தொடங்கியது சுமார் 3.4 கோடி ஆண்டுகளுக்கு முன். மனித இனத்தின் வயது சில லட்சம் ஆண்டுகள். அந்தக் கரையைப் பனியில்லாமல் பார்த்து வரைய ஆள் யாரும் இருந்திருக்க முடியாது. அந்தக் கண்டத்தை மனிதர்கள் முதன்முதலில் கண்ணால் கண்டதாகப் பதிவானது 1820-ல். சராசரியாகச் சுமார் 2 கிலோமீட்டர் கனத்துக்குப் பனி ஏறி உட்கார்ந்திருப்பதால் அடியிலுள்ள நிலமே அமுங்கிக் கிடக்கிறது. பனியை எடுத்துவிட்டால் நிலம் மேலே எழும்பும், கடல் மட்டம் மாறும், கரையின் உருவமே வேறாகிவிடும். பனிக்கு அடியில் இன்று அளந்த உருவத்தோடு பொருந்துகிறது என்று சொல்வது, உங்கள் கதையின்படி பார்த்தாலும் பொருந்தாத பொருத்தம்.

இந்தக் கதை எங்கே பிறந்தது என்பதும் மர்மமில்லை. 1956-ல் ஆர்லிங்டன் மாலரி என்ற அமெரிக்கர் ஒரு வானொலி நிகழ்ச்சியில் கிளப்பிவிட்டார். சார்லஸ் ஹாப்குட் என்ற வரலாற்று ஆசிரியர் அதைப் பிடித்துக்கொண்டு தன் மாணவர்களோடு ஆராய்ந்து 1966-ல் புத்தகமாக்கினார். 1968-ல் எரிக் வான் டேனிகன் என்ற எழுத்தாளர் வேற்றுக்கிரகவாசிகளைச் சேர்த்தார். அமெரிக்க விமானப்படையே உறுதிசெய்தது என்று நீங்கள் சொல்வது, ஹாப்குட் கேட்ட கேள்விக்கு 1960-ல் ஓர் அதிகாரி எழுதிய பதில் கடிதத்தை. ஆய்வறிக்கை கிடையாது, அளவீடு கிடையாது, ஒரு கடிதம். அது விமானப்படையின் முடிவு என்றால், நான் ஒரு காலத்தில் கப்பல் நிறுவன முகவரியிட்ட தாளில் என் மாமாவுக்கு எழுதிய கடிதமும் அந்த நிறுவனத்தின் கொள்கை அறிக்கைதான்.

துல்லியமான தீர்க்கரேகை என்று ஒன்று சொல்கிறீர்கள். பீரியின் படத்தில் தீர்க்கரேகையே கிடையாது, அட்சரேகைக் கட்டமும் கிடையாது. திசைகாட்டிப் பூக்களிலிருந்து புறப்படும் திசைக் கோடுகளும் தூரம் அளக்கும் பட்டைகளும்தான் உண்டு. அது போர்டோலான் வகைக் கடல் வரைபடம். காம்பஸ் காட்டும் திசை, கப்பலின் வேகம், கழிந்த நேரம் இவற்றை வைத்து இருப்பிடத்தைக் கணக்கிடும் முறையில் வளர்ந்தது. டெட் ரெக்கனிங் என்று நாங்களும் படித்தோம். ஜிபிஎஸ் வந்த பிறகும் தேர்வில் அதைக் கேட்டார்கள். கட்டங்களைப் போட்டது ஹாப்குட். ஒரே கட்டத்தில் எல்லாம் அடங்காததால் கரீபியப் பகுதிக்கு வேறொரு வடக்கைக் கற்பித்துக்கொண்டார். வடக்கை இஷ்டத்துக்குத் திருப்பிக்கொள்ளலாம் என்றால் எந்த வரைபடத்தையும் எந்தக் கரையோடும் பொருத்திவிடலாம். அலெக்சாந்தர் காலம் என்ற வரியைப் பிடித்துக்கொண்டு தொல்பழங்காலம் என்பீர்கள். பீரி அப்படி நினைத்தது தாலமியின் வழியில் வந்த படங்களையாக இருக்கலாம். புவியியலாளர் தாலமி வாழ்ந்தது கி.பி. 2-ஆம் நூற்றாண்டில், அவரை அலெக்சாந்தரின் தளபதியாக இருந்த தாலமியோடு ஒன்றாக்கிக் குழப்பிக்கொள்வது அந்தக் காலத்தில் வழக்கமாக நடந்தது.

இதைவிட முக்கியமானது இந்தப் படத்திலுள்ள தவறுகள். உங்கள் மகா நாகரிகத்தைக் கவிழ்ப்பதும், பீரியை நிமிர்த்திக் காட்டுவதும் அந்தத் தவறுகள்தாம். ஹிஸ்பானியோலா தீவு, அதாவது இன்றைய ஹைத்தியும் டொமினிக்கன் குடியரசும் இருக்கும் தீவு, கிழக்கு மேற்காக நீண்டது. பீரியின் படத்தில் அது வடக்கு தெற்காக நிற்கிறது. அக்கால உலகப் படங்களில் ஜப்பானை அப்படித்தான் வரைந்தார்கள். தான் போய்ச் சேர்ந்தது ஆசியா என்று கடைசிவரை நம்பியவர் கொலம்பஸ். கியூபா தனித் தீவாக இல்லாமல் பெருநிலத்தின் பகுதியாக வரையப்பட்டிருப்பதாக ஆய்வாளர்கள் வாசிக்கிறார்கள். 1494-ல் கொலம்பஸ் தன் மாலுமிகள் அனைவரிடமும், கியூபா தீவல்ல பெருநிலம்தான் என்று சத்தியம் வாங்கினார். மாற்றிப் பேசினால் அபராதம், நாக்கும் அறுபடும் என்ற மிரட்டலோடு. அந்தப் பிடிவாதத்தின் தடம் இஸ்தான்புல்லில் இருக்கும் ஒரு தோலில் இன்னும் தெரிகிறது. வானத்திலிருந்து பார்த்து வரைந்த யாரும் கொலம்பஸின் பிழைகளை அப்படியே செய்திருக்க மாட்டார்கள்.

அன்று சத்தியம் செய்தவர்களில் ஹுவான் தெ லா கோசாவும் ஒருவர். 1500-ல் அவர் தானே ஓர் உலக வரைபடம் வரைந்தார். மாட்ரிட் கடற்படை அருங்காட்சியகத்தில் இருக்கும் அதில் கியூபா தீவாகவே நிற்கிறது! நாக்கைப் பணயம் வைத்துச் சொன்ன பொய்யை ஆறு வருடம் கழித்துத் தூரிகையால் திருத்திய மனிதர். 1502-ல் லிஸ்பனில் ரகசியமாக நகலெடுத்து இத்தாலிக்குக் கடத்திய கான்டினோ என்ற போர்த்துகீசிய உலக வரைபடம் அந்நாட்டின் மோதேனா நகரில் இருக்கிறது. மர்மம் வேண்டும், திகில் வேண்டும் என்கிறீர்களே, இதைவிட என்ன வேண்டும்?

பீரியின் படத்தில் வேறு வேடிக்கைகளும் உண்டு. கொலம்பஸ் அந்தக் கரைகளைக் கண்டது ஹிஜ்ரி 896 என்று எழுதியிருக்கிறார்; அது 1490-91-ல் விழுகிறது, தவறு. வடக்கு அட்லாண்டிக்கில் ஒரு பெரிய மீனின் முதுகைத் தீவு என்று நினைத்து இறங்கித் தீ மூட்டிய துறவியின் பழங்கதையைப் படமாகவே போட்டிருக்கிறார். தென் அமெரிக்காவுக்குள் மார்பில் முகமுள்ள, தலையில்லா மனிதன் நிற்கிறான். உங்களில் ஒருவர் அதைத் தனியாக வெட்டி வேற்றுக்கிரகவாசி என்று காட்டினீர்கள். ஐரோப்பாவின் கதை மரபில் அந்த உருவம் பீரிக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கும் முந்தியது. கையில் கிடைத்ததையெல்லாம், கட்டுக்கதை உட்பட, யாரிடமிருந்து வந்தது என்ற குறிப்போடு சேர்த்துவைத்த ஒரு மனிதரின் மேசைதான் அங்கே தெரிகிறது.

குமரிக்கண்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. உங்களில் சிலர் இந்த வரைபடத்தைக் குமரிக்கண்டத்துக்கு ஆதாரமாகக் காட்டுகிறீர்கள். மிஞ்சியிருக்கும் துண்டில் இருப்பது அட்லாண்டிக் சமுத்திரமும் அதன் இரு கரைகளும். இந்தியப் பெருங்கடல் அதில் இல்லை. இந்தியாவே இல்லை. ஹிந்தைக் காட்டும் அரபுப் படத்தையும் போர்த்துகீசியப் படங்களையும் வைத்து பீரி நம் பக்கத்துக் கடலையும் வரைந்திருப்பார்; அந்தப் பகுதி தொலைந்துவிட்டது. எனக்கு உண்மையிலேயே மனசு அடித்துக்கொள்வது அதற்குத்தான். வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக்கு வந்து 15 வருடம் கழித்து, இந்தக் கரையெல்லாம் ஓர் உதுமானிய மாலுமியின் கண்ணில் எப்படி இருந்தது என்று பார்த்திருக்கலாமே. இல்லாத கண்டத்தைத் தேடுவதற்குப் பதில், இருந்து தொலைந்த இந்தத் துண்டைப் பற்றி ஒரு காணொளி போடுங்களேன்.

கடைசியில் இது ஒரு மனிதரைப் பற்றிய வழக்கு. பீரி சின்ன வயதிலேயே கடலுக்குப் போனவர். 1517-ல் எகிப்தில் சுல்தான் செலிமிடம் இந்த வரைபடத்தைக் கொடுத்தார். மத்தியதரைக் கடலின் துறைமுகம் துறைமுகமாக, பாறை எங்கே, மணல்திட்டு எங்கே, குடிநீர் எங்கே, எந்தக் காற்றில் எங்கே ஒதுங்கலாம் என்று எழுதிய ‘கிதாப்-இ பஹ்ரியே’ என்ற நூலை 1521-ல் முடித்து, 1526-ல் விரித்து எழுதி சுல்தான் சுலைமானுக்கு அளித்தார். 1528-ல் இன்னோர் உலக வரைபடம் வரைந்தார். அதிலும் ஒரு துண்டுதான் மிச்சம், ஆனால் புதிய தகவல் கிடைத்த இடங்களில் கரைகள் திருந்தியிருக்கின்றன. வானத்திலிருந்து வந்த அறிவுக்கு அந்தத் திருத்தம் எதற்குத் தேவை? 1552-ல் முதிய வயதில் சூயஸிலிருந்து கப்பற்படையை நடத்திக்கொண்டுபோய் மஸ்கட்டைப் பிடித்தார். ஹோர்முஸ் கோட்டையைப் பிடிக்க முடியவில்லை. பஸ்ராவில் படையை விட்டுவிட்டு இரண்டு மூன்று கப்பல்களோடு திரும்பியதற்காக அவர் தலையை வெட்டினார்கள். அரசு அவர் உயிரை எடுத்தது. நீங்கள் அவர் உழைப்பை எடுத்து, பெயரே இல்லாத யாருக்கோ கொடுக்கிறீர்கள்.

நாங்கள் கேள்விதான் கேட்கிறோம், மக்கள் யோசிக்கட்டும் என்று பதில் வரும். கேள்வி கேட்பது நல்லதுதான். ஆனால் பதில் எழுதியிருக்கும் பகுதியை மறைத்துவிட்டுக் கேட்பது கேள்வி ஆகாது. துருக்கி மொழி எங்களுக்குத் தெரியாதே என்றும் சொல்ல முடியாது. இந்தக் குறிப்புகள் ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கப்பட்டுப் பல பத்தாண்டுகள் ஆகின்றன. ஹாப்குட்டைத் தேடிப் படித்த உங்களுக்கு அது கிடைக்காமல் போயிருக்காது.

ஆகவே கேட்கிறேன். ஏற்கனவே வெளியிட்ட காணொளிகளை நீக்கச் சொல்லவில்லை. அவற்றின் தலைப்பிலிருந்தும் முகப்புப் படத்திலிருந்தும் அண்டார்டிகாவையும் வேற்றுக்கிரகவாசிகளையும் எடுத்துவிடுங்கள். பீரி எழுதிய மூலக் குறிப்பையும், வெப்பமும் பாம்பும் உள்ள கரை என்ற குறிப்பையும் தமிழில் முழுதாகத் திரையில் போட்டு, காணொளியின் தொடக்கத்திலேயே சேருங்கள். நடுவிலோ, விளக்கக் குறிப்பின் அடியிலோ வேண்டாம். விமானப்படை என்று சொல்லும் இடத்தில் அது ஓர் அதிகாரியின் கடிதம் என்று சொல்லுங்கள். வெட்டிய படத்தைக் காட்டும் ஒவ்வொரு முறையும், அதற்குமுன் ஒரு தடவையாவது முழுத் துண்டையும் காட்டுங்கள். அது பாதி உலகம்கூட இல்லாத மிச்சம் என்று சொல்லுங்கள். பள்ளிப் புராஜெக்டுக்கு ஏற்றது என்று போட்டிருக்கும் குறிச்சொல்லை இன்றே எடுத்துவிடுங்கள்.

இரண்டாம் பாகத்தை, இவை முடியும்வரை தள்ளிவையுங்கள். எடுக்கும்போது கொலம்பஸின் தொலைந்த படத்தையும், கியூபா சத்தியத்தையும், தெ லா கோசாவையும், 1528 துண்டையும் வைத்து எடுங்கள். கடல் வரைபடத்தை வாசிக்கத் தெரிந்தவர் வேண்டுமென்றால் நான் வந்து உட்காருகிறேன், காசு வேண்டாம். எனக்குத் தனியாகப் பதில் எழுதவும் வேண்டாம். அந்தக் குழந்தை பார்த்த அதே காணொளியில், அவள் கண்ணில் படுகிற இடத்தில், திருத்தத்தைப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கப்பல் அதிகாரி ஒருவன்